ஏழாம் மடையில் என்ன விதைப்பது

அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்பதற்காகக் கண்டக்டர் அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாகப் பாசன அலுவலகத்தின் படியேறினார். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓய்வுபெற்று ஆறு வருஷமாகியும் அந்தப் பெயர் அவரை விட்டு இறங்கவில்லை. வேலையில் இருந்தபோது விடுமுறைக்கு மட்டும் எட்டிப் பார்த்த ஒரு ஏக்கர் வயல்தான் இப்போது அவருக்கு முழுநேர வேலை. அது போதாதென்று, வாய்க்காலின் ஏழாம் மடைக்கு அவரையே செயலாளராகவும் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்ட கூட்டத்துக்கு அவர் போகவில்லை. போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

ஏழாம் மடை என்பது பெரிய வாய்க்காலின் கரையில் ஓர் இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு, அவ்வளவுதான். கதவைத் தூக்கினால் தண்ணீர் கிளை வாய்க்காலில் இறங்கி, படிப்படியாகச் சரிந்து கிடக்கும் ஒன்பது வயல்களுக்கும் போகும். மேலே முதல் வயல் கண்டக்டருடைய மச்சானுடையது, அதாவது அவர் மனைவியின் அண்ணனுடையது. இரண்டாவது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மாவுடையது. கண்டக்டருடையது ஆறாவது. கடைசி, ஒன்பதாவது, டைலருடையது. சாவி கண்டக்டரிடம்.

பாசனப் பொறியாளர் ஒரு சின்னப் பெண். மதியம் மூன்று மணிக்கு அவர் மேஜையில் சாப்பாட்டு டப்பா திறந்தபடி கிடந்தது, தொட்ட மாதிரி தெரியவில்லை.

"உக்காருங்க. நாப்பத்தி ஒரு அடி" என்றார், கேட்பதற்கு முன்பே.

"போன வாரம் முப்பத்தொம்பதுன்னு சொன்னீங்களே."

"ரெண்டு அடி ஏறியிருக்கு. சந்தோஷப்பட்டுடாதீங்க. டவுன் குடிதண்ணிக்கு அதுல மூணு அடி போயிடும்."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. "சரிம்மா, எத்தனை நாளைக்குத் திறப்பீங்க?"

"நாப்பது நாளும் ஆகலாம், எண்பதும் ஆகலாம். அதுவும் தொடர்ந்து கிடையாது. எட்டு நாள் விடுவோம், பத்து நாள் அடைப்போம்."

"இதை எழுத்துல குடுத்தீங்கன்னா ஆளுங்ககிட்ட காட்டிடுவேன்."

"எழுதிக் குடுத்தா அது உத்தரவு ஆயிடும். வாயால சொன்னா வெறும் தகவல். தகவலுக்கு யாரும் என்னைக் கூண்டுல ஏத்த மாட்டாங்க."

அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம். இதே கேள்வியை இன்றைக்கு எத்தனை மடைக்காரர்கள் கேட்டுவிட்டுப் போனார்களோ. கண்டக்டர் எழுந்தார். பிறகு என்ன தோன்றியதோ, கதவுப் பக்கம் போனவர் திரும்பி, "உங்க அப்பாவுக்கு எங்க மடையில நிலம் இருந்தா அவரை என்ன விதைக்கச் சொல்வீங்க?" என்றார்.

"எங்க அப்பா நான் சொல்றதைக் கேக்கவே மாட்டாரு" என்றார் பொறியாளர். டப்பாவை மூடிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "உளுந்து. அறுபத்தஞ்சு நாள்ல கையில வந்துடும். மூணு தண்ணி கிடைச்சா நல்லா இருக்கும், ரெண்டு கிடைச்சாலும் சாகாது."

உளுந்து என்ற சொல்லோடு கண்டக்டர் ஊர் திரும்பினார்.

கூட்டம் உரக்கடைக்குப் பின்னாலிருந்த கிடங்கில் நடந்தது. ஆளுக்கொரு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்கள். தகரக் கூரை காய்ந்து இறங்கிய சூட்டில் உர நெடி மூக்கைக் குடைந்தது. கண்டக்டர் நோட்டைப் பிரித்து, அணையின் அடிக்கணக்கு, அடைப்பு நாள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய குரல், உள்ளே போங்க என்று சொல்வதுபோலவே எல்லாம் காதில் விழும்.

"கண்டக்டரே, ஒண்ணு கேக்கலாமா?" என்றார் டைலர். கழுத்தில் அளவு நாடாவோடே வந்திருந்தார். "முந்தின வருஷம் நெல்லுன்னீங்க. பால் பிடிக்கிற நேரத்துல தண்ணி நின்னுச்சு, வைக்கோலை அறுத்தோம். போன வருஷம் சூரியகாந்தின்னீங்க. தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சு, பூவெல்லாம் தலை குப்புற விழுந்துச்சு. அதனால இந்த வருஷம் நீங்க எதைச் சொல்றீங்களோ, அதை விட்டுட்டு வேற ஒண்ணைப் போடலாம்னு இருக்கேன்."

கிடங்கே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். இரண்டு வருஷமும் அவர் தானாக எதையும் சொல்லவில்லை, எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவைத்தான் நோட்டில் எழுதினார். நோட்டு யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும்.

"தண்ணி வருமா வராதான்னு எனக்கும் தெரியாது, திறக்கறவங்களுக்கும் தெரியாது" என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் யோசிங்க. நாப்பது நாள் நிச்சயமா வரும்னு தோணுது. மிச்ச நாப்பது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். நிச்சயமா வர்ற தண்ணிக்கு எது தாங்குமோ அதை விதைப்போம். கூட வந்தா கொஞ்சம் விட்டுட்டோமேன்னு வருத்தப்படுவோம், அவ்வளவுதான். நெல்லைப் போட்டு தண்ணி வராம போனா வருத்தப்படக்கூட ஒண்ணும் மிஞ்சாது."

நர்ஸம்மா முதலில் தலையை ஆட்டினார். "எனக்கு உளுந்து சரிதான் அண்ணே. டியூட்டிக்கும் போய்க்கிட்டு நெல்லுக்குத் தண்ணி காவல் காக்க என்னால முடியல." ஒவ்வொருவராகச் சரி என்றார்கள். டைலர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "சரி, இதையும் பார்த்துடுவோம்" என்றார்.

கடைசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மச்சான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டரைவிட நாலு வயசு மூத்தவர், பருத்த உடம்பு, இடுப்பில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பார், முதுகுவலிக்கு.

"நீங்க என்ன மச்சான் சொல்றீங்க?"

"நான் நாத்து விட்டு ஒன்பது நாளாச்சு மாப்பிள்ளை."

கண்டக்டர் நோட்டை மூடினார்.

"நூத்திருபது நாள் நெல்லு. கிணத்துத் தண்ணியில விட்டிருக்கேன். வாய்க்கால் திறந்ததும் நட்டுடுவேன். முதல் வயலுக்கு வராத தண்ணி வேற எந்த வயலுக்கு வரப்போகுது?"

"கூட்டத்துக்கு முன்னாடியே விட்டுட்டீங்களா?"

"கூட்டம் போட்டா நெல்லு முளைக்குமா? போன வருஷம் ஒரு தடவை தவிர, எங்க அப்பா காலத்துலேருந்து அந்த வயல்ல நெல்லுதான். உளுந்தைப் போட்டுட்டு வெறும் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது."

நர்ஸம்மா கையைப் பிசைந்தார். மேல்வயலில் நெல் நின்றால் அதில் எப்போதும் தண்ணீர் கட்டி நிற்கும். அது வரப்புக்கு அடியில் ஊறி அடுத்த வயலுக்குள் இறங்கும். உளுந்துக்கு வேரில் ஈரம் நின்றால் போதும், மஞ்சளாகி அழுகிவிடும். அவர் வயலுக்குப் பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அடுத்தது. ஒருவர் நெல் போட்டால் கீழே உள்ளவர்களுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது.

அதற்கு ஒரு வழி, வரப்பை ஒட்டி வடிகால் வெட்டுவது. யார் நிலத்தில் வெட்டுவது என்று ஒரு மணி நேரம் இழுத்தார்கள். மச்சான் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் நர்ஸம்மாவே தன் வயலில் இரண்டு கஜ அகலத்தை விட்டுக்கொடுத்தார். கண்டக்டரும் டைலரும் நர்ஸம்மாவும் மூன்று நாள் மண்வெட்டி பிடித்து, இடுப்பளவு ஆழத்தில் வடிகால் வெட்டி, ஒன்பதாவது வயலின் மூலை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். மேலே நின்று மச்சான் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். மூன்று நாளும் அவரும் கண்டக்டரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு வந்து கண்டக்டர் மச்சானைக் கரித்துக்கொட்டினார். மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் பண்ணது தப்புதான். நான் இல்லேங்கல" என்றாள். "ஆனா அவரைத் திட்டறதா இருந்தா வயல்லயே திட்டி முடிச்சிட்டு வாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் வேணும். உங்களுக்கு உடம்பும் ஆகாது."

வாய்க்கால் சொன்ன தேதிக்கு எட்டு நாள் தள்ளித் திறந்தது. மச்சானுடைய நாற்று முற்றிப் போயிருந்தது, அதையே நட்டார். மற்ற எட்டு வயலிலும் ஈரம் பார்த்து உளுந்து விதைத்தார்கள். எட்டு நாள் ஓடியது, பத்து நாள் அடைத்தார்கள். மறுபடி எட்டு நாள், மறுபடி அடைப்பு. ஒவ்வொரு முறையும் கண்டக்டர் விடியற்காலையில் சைக்கிளில் போய்ப் பூட்டைத் திறந்து, கதவைத் தூக்கி, மேலிருந்து கீழே வயல் வயலாகத் தண்ணீரைத் திருப்பி, சாயந்திரம் போய் மூடிவிட்டு வந்தார். வடிகால் நன்றாகவே வேலை செய்தது. உளுந்து முழங்கால் உயரம் வந்து பூத்தது.

மூன்றாவது முறை தண்ணீர் நின்ற பிறகு பத்து நாள் போயிற்று. பதினொன்று, பன்னிரண்டு. வாய்க்காலின் அடியில் சேறு காய்ந்து, மேலே ஓடு மாதிரி சுருண்டுகொண்டது. அலுவலகத்துக்கு யாரும் போகவில்லை. மடைக் கதவில் ஒட்டியிருந்த தாளைத்தான் பார்த்தார்கள்: பாசனத்துக்கு இந்தப் பருவத்தில் இனித் தண்ணீர் இல்லை.

திறந்த நாளிலிருந்து நாற்பத்து நான்கு நாள். கண்டக்டர் கணக்கு சரியாகப் போயிற்று. யாரும் அதைச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. உளுந்தில் காய் பிடித்துவிட்டது. மண்ணில் இருந்த ஈரமே அதற்குப் போதும்.

மச்சானின் நெல் அப்போதுதான் சூல் கட்டிக்கொண்டிருந்தது.

கிணற்றில் மோட்டார் போட்டார். முதலில் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் இறைத்தது, பிறகு ஒரு மணி, பிறகு அரை மணி. மேல்பாதி வயலுக்கு மட்டும் நனைத்தார். கீழ்ப்பாதியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது தெரியத்தான் செய்தது. டைலர் ஒரு நாள் கண்டக்டரிடம், "முதல் வயலுக்கு வராத தண்ணி வேற எந்த வயலுக்கு வரப்போகுதுன்னாரே" என்றார். கண்டக்டர் சைக்கிளை மிதித்தார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று தெரிந்தும் சந்தோஷம் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

உளுந்து விதைத்து அறுபதாம் நாள், பொறியாளரிடமிருந்து போன் வந்தது.

"டவுனுக்குக் குடிதண்ணி திறக்கறோம். நாளைக்கு சாயந்திரத்துலேருந்து ஆறு நாள் உங்க வாய்க்கால் வழியா ஓடும். ஒரு மடைக்கு ஒரு நாள் எடுத்துக்க அனுமதி வாங்கியிருக்கேன். வேணும்னா எந்த நாள்னு எழுதிக் குடுங்க."

"வாயால சொன்னா போதாதாம்மா?"

"இது உத்தரவு" என்றார் பொறியாளர். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

கண்டக்டர் போனை வைத்தார். உளுந்துக்கு இப்போது தண்ணீர் வேண்டாம். வேண்டாம் என்பதைவிட, ஆகாது. காய் முக்கால்வாசி கறுத்துவிட்டது, இன்னும் ஏழெட்டு நாளில் பிடுங்க வேண்டியது. மச்சானின் வயலுக்குத் தண்ணீர் விட்டால் அந்த வெடிப்பு வழியாகத்தான் முதலில் இறங்கும். வரப்புக்கு அடியில் புகுந்து, வடிகாலையும் மீறி, இரண்டாம், மூன்றாம், நான்காம் வயல்களை நனைத்துவிடும். வடிகால் போய்ச் சேருகிற டைலர் வயல் குளமாகும். நாலு வயல் உளுந்து காயிலேயே முளைக்கும். கண்டக்டருடைய ஆறாம் வயலுக்கு ஒன்றும் ஆகாது. விடாவிட்டால் மச்சானின் நெல் மொத்தமும் பதர்.

சாவி ஆணியில் தொங்கியது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கேட்டிருந்தால்கூட ஒரு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

சாயந்திரம் வயலுக்குப் போனார். மச்சான் கிணற்று மேட்டில் குந்தியிருந்தார். மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்றை இழுத்துக் கனைத்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் போய் அதை அணைத்தார்.

"தண்ணி வருதாமே மாப்பிள்ளை" என்றார் மச்சான், கிணற்றைப் பார்த்துக்கொண்டே.

"வருது."

"நான் கேக்க மாட்டேன்."

"கேக்காதீங்க."

"அன்னைக்குக் கிடங்குல எல்லாரும் சொன்னப்ப நான் கேக்கல. இன்னைக்கு எந்த வாயை வெச்சுக்கிட்டு வந்து நிக்கறது?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன வருஷமும் போச்சு, அதுக்கு முந்தின வருஷமும் போச்சு. இந்தத் தடவையாவது வயல் நிறைய நெல்லு நிக்கறதைப் பார்க்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான் மாப்பிள்ளை. கணக்கெல்லாம் போடல."

கண்டக்டர் வயலில் இறங்கி ஒரு கதிரை உருவிப் பிதுக்கிப் பார்த்தார். மேல்பாதியில் லேசாகப் பால் வந்தது. கீழ்ப்பாதியில் சில கதிர்கள் பாதியிலேயே உறைக்குள் மாட்டிக்கொண்டு நின்றன.

மறுநாள் காலை கண்டக்டர் நர்ஸம்மா வீட்டு வாசலில், மற்ற மூன்று வயல்காரர்களையும் கூட்டிவைத்துப் பேசினார். அனுமதி ஒரு நாளைக்குத்தான், அதை ஆறாவது நாளுக்குக் கேட்கலாம். இன்றைக்கே ஆரம்பித்தால் அதற்குள் நாலு வயலையும் பிடுங்கிவிடலாம். காய் கொஞ்சம் பச்சையாக இருக்கும், களத்தில் போட்டு உலர்த்திக்கொள்ளலாம். ஆளுக்கொரு வயலாகத் தனித்தனியே செய்தால் ஆகாது, எல்லாரும் ஒவ்வொரு வயலாக இறங்க வேண்டும்.

"எதுக்கு?" என்றார் டைலர். "எதுக்குங்கறேன். சொன்னோம், கேக்கல. வடிகால் வெட்டறப்ப ஒரு கூடை மண் அள்ளல. காயட்டும். ஒரு தடவை காய்ஞ்சாத்தான் அடுத்த தடவை காது கேக்கும்."

"ரெண்டு வருஷமா பட்டாரு, கேக்கலையே" என்றார் நர்ஸம்மா.

"உங்க மச்சான்னுதானே பார்க்கறீங்க கண்டக்டரே? உங்க வயல் நடுவுல பத்திரமா இருக்கு. முங்கறது எங்களுது."

"ஆமா, என் மச்சான்தான்" என்றார் கண்டக்டர். "அது இல்லேன்னு சொல்லல. வேற ஆள் வயலா இருந்தா நான் இவ்வளவு கெஞ்சியிருப்பேனான்னு தெரியல. ஆனா கதவைத் தூக்கறதுக்கு நீங்க நாலு பேரும் சரின்னு சொல்லணும். ஒருத்தர் வேணாம்னாலும் சாவியை எடுக்க மாட்டேன். என் வயலைக் கடைசியா வெச்சுக்கறேன். உங்க நாலும் முடியற வரைக்கும் அதுல கை வைக்க மாட்டேன்."

"உங்களுது வெடிச்சுக் கொட்டிடுமே அண்ணே. இந்த வெயிலுக்கு..." என்றார் நர்ஸம்மா.

"கொஞ்சம் கொட்டும்."

டைலர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "என் வயலுக்கு உங்க மச்சான் வரணும். வந்து குனிஞ்சு பிடுங்கணும். மேல நின்னு பார்க்கக் கூடாது. அப்படின்னா சரி."

கண்டக்டர் அதைப் போய்ச் சொன்னபோது மச்சானின் முகம் இறுகியது. எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது இடுப்புப் பட்டைக்கு மேல் இன்னொரு துண்டையும் இறுக்கிக் கட்டியிருந்தார். "எந்த வயல் முதல்ல?" என்றார்.

அந்த ஐந்து நாளையும் கண்டக்டரால் பிறகு தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லாம் ஒரே நீண்ட நாளாகத்தான் நினைவில் நின்றது. பதினொரு பேர். விடிந்ததும் பனி ஈரத்தில் இறங்குவார்கள், அப்போதுதான் காய் வெடிக்காது. குனிந்து, செடியின் அடியைப் பிடித்து, வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, கட்டிப் போடுவார்கள். பத்து மணிக்கு மேல் கை எரியும். உளுந்துக் காயின் சுணை முழங்கை வரைக்கும் அரிக்கும். நர்ஸம்மா இரண்டு நாள் ராத்திரி டியூட்டி முடித்து நேராக வயலுக்கு வந்தார், வரப்பில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். கண்டக்டரின் மனைவி யாரிடமும் அதிகம் பேசாமல், எல்லாருக்கும் முன்னால் ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்ததில் நின்றாள்.

மச்சான் மெதுவாகத்தான் பிடுங்கினார். நாலு செடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் யாரும் அவர் பக்கம் போகவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. நாலாம் நாள் டைலர் வயலில் இறங்கியபோது, டைலர் வேண்டுமென்றே அவருக்குப் பக்கத்து வரிசையைப் பிடித்துக்கொண்டார். நாள் பூராவும் முந்தாமல், அவரோடு சமமாகவே போனார். கண்காணிக்கிறாரா, துணைக்கு வருகிறாரா என்று கண்டக்டருக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

"இடுப்பு என்ன அளவு?" என்று டைலர் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

"எதுக்கு?"

"அந்தப் பட்டை பிஞ்சு தொங்குது. துணி இருக்கு, தைச்சுத் தரேன்."

மச்சான் இன்னும் நாலு செடி பிடுங்கினார். கொஞ்சம் கழித்து, "நாப்பத்திநாலு" என்றார்.

ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கடைசிக் கட்டும் களத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் விடிந்ததும் கண்டக்டர் மடைக்குப் போனார். கை விரல்கள் வீங்கிப் பூட்டில் சாவி நுழைக்க முடியவில்லை, மனைவிதான் திறந்துகொடுத்தாள். கதவைத் தூக்கியதும் தண்ணீர் காய்ந்த வாய்க்காலில் குப்பையைத் தள்ளிக்கொண்டு ஓடி, முதல் வயலுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் காணாமல் போயிற்று. வெடிப்புக்குள் களக் களக் என்று இறங்கும் சத்தம்தான் கேட்டது. ஒரு மணி நேரத்தில் நர்ஸம்மா வயலின் வரப்போரத்தில் அங்கங்கே குமிழ் விட்டு ஈரம் எழும்பியது. மதியத்துக்குள் அந்த வெற்று வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. டைலர் தன் வயல் மூலையில் வடிகால் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டியபடி நின்றார். சாயந்திரம் கண்டக்டர் கதவை இறக்கிப் பூட்டினார்.

நெல் எப்படி வந்தது என்றால், பாதி வந்தது. அதுகூட முழுப் பாதி இல்லை. மேல்பக்கம் கதிர் முற்றிச் சாய்ந்தது, கீழ்ப்பக்கம் விறைப்பாகவே நின்றது, தூற்றினால் பறந்தது. நாற்பது மூட்டை காணும் வயலில் பதினாறு மூட்டை. உளுந்து நாலு வயலிலும் கொஞ்சம் சிறுத்து, பச்சை கலந்து வந்தாலும் சேதமில்லாமல் களம் ஏறியது.

கண்டக்டருடைய வயல்தான் அடி வாங்கியது. அந்த ஐந்து நாள் வெயிலிலும் தண்ணீர் திறந்த அன்று அடித்த அனல் காற்றிலும் காய் வெடித்துச் சிதறிவிட்டது. செடியைப் பிடுங்கியபோது கையில் பாதிதான் இருந்தது, மிச்சம் மண்ணில் கருமணியாய்க் கிடந்தது. அவரும் மனைவியும் ஒரு வாரம் துடைப்பத்தையும் முறத்தையும் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து கூட்டி அள்ளினார்கள். மண்ணும் உளுந்தும் ஒரே நிறம், புடைத்தால்தான் தெரியும்.

மூன்றாம் நாள் மச்சான் வந்தார். புதுப் பட்டை கட்டியிருந்தார். கூப்பிடாமலே வந்து, தங்கைக்குப் பக்கத்தில் மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, விரலால் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை" என்றார் பிறகு. "ஒரு ரெண்டு நாள் முன்னாடி கதவைத் தூக்கியிருந்தா இருபத்தஞ்சு மூட்டை தேறியிருக்கும்."

கண்டக்டர் முறத்தைக் கீழே வைத்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், அதற்குப் பதில் வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் பார்த்தார். மறுபடி முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே" என்றாள் அவர் மனைவி, தலையைத் தூக்காமல். "அந்தக் கூடையை இப்படித் தள்ளுங்க. வாயாலயா பொறுக்கறது?"

மச்சான் கூடையைத் தள்ளினார். மூன்று பேரும் வெயில் ஏறுவதற்குள் அந்தப் பாத்தியை முடித்துவிடப் பார்த்தார்கள்.